யார் காசில் நடந்த ஆய்வு?

"ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று ஒரு பாக்கெட்டிலோ செய்தியிலோ பார்த்தால், அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார் என்று கேளுங்கள். கோம்பை ஊரில் பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் தின்பண்டம் வரைக்கும் இந்தக் கேள்வி வந்து சேரும்.

உணவு நிறுவனங்கள் விஞ்ஞானிகளைப் பொய் சொல்ல வைக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது. எதை ஆராய்வது, எதை விட்டுவிடுவது என்பது நிறுவனங்களின் கையில் இருந்தால் போதும். 1967இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் எழுதிய ஒரு கட்டுரை, இதய நோய்க்கான பழியைக் கொழுப்பின் மேல் போட்டு, சர்க்கரை மீதிருந்த சந்தேகத்தை ஓரங்கட்டியது. அதற்கு அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலின் அமைப்பு 6,500 டாலர் கொடுத்திருந்தது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பழைய கடிதங்களைத் தோண்டியெடுத்தவர்களால் 2016இல்தான் விஷயம் அம்பலமானது.

நிறுவனக் காசில் நடந்த ஆய்வெல்லாம் தப்பு என்றில்லை. ஆனால் சாய்வு இருக்கிறது, அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். இனிப்பு பானம் குடித்தால் எடை கூடுமா என்பது பற்றிய தொகுப்புக் கட்டுரைகளை 2013இல் ஸ்பெயின், ஜெர்மனி ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். நிறுவனங்களோடு பணத் தொடர்புள்ள கட்டுரைகள் பானத்துக்கும் எடைக்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்லாமல் முடிவதற்கான வாய்ப்பு, மற்றவற்றைப் போல 5 மடங்கு இருந்தது.

இன்னொரு வழி, பேச்சையே திருப்பிவிடுவது. கோகோ கோலா நிதியில் அமெரிக்காவில் இயங்கிய ஓர் ஆய்வாளர் அமைப்பு, உடல் பருமனுக்குச் சாப்பாட்டைவிட உழைப்புக் குறைவே காரணம் என்கிற பேச்சை வளர்த்தது. 2015இல் பணம் வந்த வழி நாளிதழில் வெளியானதும் அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த அமைப்பு கலைந்தது. கோம்பையிலிருந்து விடியுமுன் ஜீப்பில் மலையேறி, பகலெல்லாம் ஏலத்தோட்டத்தில் குனிந்து நிமிரும் ஒரு பெண்ணிடம் "உடற்பயிற்சி பத்தலம்மா" என்று எந்த வாயால் சொல்வது? இறங்கி வரும்போது பிள்ளைக்கு வாங்கும் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

அதைச் சொல்லும் முறையில்தான் நம் நாட்டில் இழுபறி. 2022 செப்டம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், பாக்கெட்டின் முன்பக்கத்தில் அரை முதல் 5 வரை நட்சத்திரம் போடும் வரைவை வெளியிட்டது. சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு இருந்தால் மதிப்பு இறங்கும். நார்ச்சத்து, புரதம், பருப்பு, பழம் இருந்தால் ஏறும். ஒன்று மற்றொன்றைக் கழித்துவிடும். சர்க்கரையைக் குறைக்காமலே பிஸ்கட்டில் கொஞ்சம் நார்ச்சத்தைக் கூட்டி மதிப்பை ஏற்றிக்கொள்ள இதில் வழி இருக்கிறது. எவ்வளவு மோசமான பண்டத்துக்கும் அரை நட்சத்திரம் உண்டு. நட்சத்திரத்தைக் கண்டால் எந்தப் பிள்ளையும் அதை நல்ல பொருள் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

பொதுச் சுகாதார அமைப்புகள் கேட்பது நேரடி எச்சரிக்கை. சிலி நாட்டில் 2016 முதல் "சர்க்கரை அதிகம்" என்ற கறுப்பு எண்கோண முத்திரை இருக்கிறது. அதோடு விளம்பரக் கட்டுப்பாடும் சேர்ந்து, முத்திரை விழுந்த பானங்களை மக்கள் வாங்குவது ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்தது. நமக்கும் அதுதான் வேண்டும் என்பேன். ஏனென்றால் லேபிளை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சிட்டால் சட்டத்துக்குப் போதும், தமிழ் கட்டாயமில்லை. கறுப்பு முத்திரை எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் புரியும். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், முன்பக்க லேபிள் பற்றி நிபுணர் குழு 3 மாதத்தில் பரிந்துரை தர வேண்டும் என்றது.

கறுப்பு முத்திரை வரும்வரை பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானது முதலில் வருமாறு வரிசைப்படுத்த வேண்டும் என்பது விதி. சர்க்கரை முதல் மூன்றுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் திரவ குளுக்கோஸ், இன்வர்ட் சிரப் என்று வேறு பெயர்களில் தனித்தனியாகப் பிரிந்து பின்வரிசையில் இருக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.