வாய்ப்பை மறுப்பது நன்றிகேடாகுமா?



கூடுதல் பொறுப்பு, வெளிநாட்டு ஒப்பந்தம், மாலை நேரத்தில் மற்றொரு வேலை என ஒரு வாய்ப்பு வரும்போது, அதை வேண்டாம் என்று கூற நம்மில் பலர் அஞ்சுகின்றனர். அல்லாஹ் அளித்த ரிஸ்க்கைத் தட்டிக்கழிக்கிறோமோ என்று உள்ளம் உறுத்துகிறது. அந்த உறுத்தலுக்கு அஞ்சியே தாங்க இயலாத சுமையை ஏற்றுப் பின்னர் உடல்நலமும் குடும்பமும் தொழுகையும் சீர்குலைந்து நிற்போர் பலர்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வணிகம் செய்து வந்தார்கள். அப்பாஸியக் கலீஃபா மன்சூர் காழி பதவியை அளிக்க முன்வந்தபோது, தாம் அதற்குத் தகுதியற்றவர் என மறுத்தார்கள். பொய் சொல்வதாகக் கலீஃபா சினந்தபோது, அவ்வாறாயின் பொய்யர் ஒருவர் காழியாவது தகாதே என விடையளித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். சிறையிடப்பட்ட பின்னும் இமாம் இணங்கவில்லை. ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) பக்தாதில் மறைந்தார்கள்.

அவர்களின் மாணவர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களோ காழி பொறுப்பை ஏற்றார்கள். கலீஃபா ஹாரூன் ரஷீத் காலத்தில் தலைமைக் காழியாகவும் விளங்கினார்கள். மறுத்த ஆசிரியரையும் ஏற்ற மாணவரையும் சமுதாயம் ஒருசேரப் போற்றுகிறது. ஏனெனில், ஒவ்வொரு பொறுப்பும் அமானிதம். அதன் ஹக்கைத் தன்னால் நிறைவேற்ற இயலுமா என்பதை அவரவரே எடைபோட வேண்டும்.

அபூதர் (ரலி) அவர்கள் அதிகாரப் பொறுப்பொன்றைக் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அது அமானிதம் என்பதை உணர்த்தி, அவர்களது பலவீனத்தையும் அன்போடு எடுத்துரைத்தார்கள். அதனால் அந்தத் தோழரின் சிறப்பு சிறிதும் குறையவில்லை.

எனவே, வட்டியோ பொய்க்கணக்கோ கலந்த வேலையை மறுப்பது கடமை. ஹலாலான வேலையே ஆயினும், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பணியும் மனைவி மக்களின் உரிமையும் அதனால் பாழாகுமெனில் மறுப்பதில் குற்றமில்லை. ஆனால், வீட்டில் அடுப்பெரியாதிருக்க, கடன்காரர் வாசலில் நிற்க, சோம்பலினால் மறுப்பவருக்கு இது சான்றாகாது. குடும்பத்தைப் பராமரிப்பது அவர்மீது கடமை.

மறுப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. இஸ்திகாராத் தொழுகையும் குடும்பத்தாருடன் மஷ்வராவும் முதலில் அமையட்டும். முடிவு தெளிந்தபின் நாள் கடத்தலாகாது. மறுக்கும் எண்ணத்தை உள்ளே வைத்துக்கொண்டு, "இன்ஷா அல்லாஹ் பார்க்கலாம்" என மழுப்புவது அந்தத் திருவாக்கியத்தின் கண்ணியத்திற்கு ஏற்றதன்று. நம்மை நம்பிக் காத்திருப்பவருக்கும் அது இழப்பு. இல்லாத நோயையும் பயணத்தையும் காரணம் காட்ட வேண்டாம். அழைத்தவருக்கு நன்றி கூறி, இப்போது இயலாது என்று தெளிவாகச் சொன்னால் போதும். தகுதியான வேறொருவரை அறிந்திருந்தால் அவரைக் காட்டிவிடுவது இன்னும் நன்று.

சகோதரர்களே! நமக்கென விதிக்கப்பட்ட ரிஸ்க் எவ்வழியிலேனும் நம்மை வந்தடையும். ஏற்கும் பொறுப்பை நிறைவாகச் செய்யவும், இயலாததை உண்மையோடு மறுக்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.