வீட்டுக் கணினியில் வைரஸா? வரிசையாகச் செய்யுங்கள்

பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பம், ஆதார் நகல், வெளிநாட்டிலிருந்து பணம் வரும் வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் பல வீடுகளில் ஒரே கணினிதான். அதில் வைரஸ் புகுந்தால் வேகம் குறைவதோடு போய்விடாது. ஸ்பைவேர் எனப்படும் உளவு மென்பொருள் நாம் தட்டும் பாஸ்வேர்டைச் சத்தமில்லாமல் அடுத்தவருக்கு அனுப்பிவிடும். ஆகவே சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம்.

1. முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். தகவல் வெளியே போவது நிற்கும். கணினி சுத்தமாகும்வரை அதில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

2. நீங்கள் போடாத மென்பொருள்கள், பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் இருந்தால் நீக்குங்கள். இலவசமாகக் கிடைக்கும் 'கிராக்' மென்பொருள்களையும் நீக்குங்கள். வைரஸ் வரும் முக்கிய வழிகளில் அதுவும் ஒன்று.

3. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் கூடவே வருகிறது. தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு, 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' சென்று 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் தொடங்கும் முன்பே தேடும். அதனால் ஒளிந்திருக்கும் வைரஸும் சிக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும். பிறகு இணையத்தை இணைத்து, டிஃபெண்டரை அப்டேட் செய்து, 'ஃபுல் ஸ்கேன்' ஓட்டுங்கள்.

4. பாஸ்வேர்டுகளை வேறொரு நல்ல போனிலிருந்து மாற்றுங்கள். முதலில் இமெயில், அடுத்து வங்கி. இமெயில் கையில் இருந்தால் மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை எவரும் மாற்றிவிடலாம்.

இத்தனைக்கும் பிறகும் தொல்லை தொடர்ந்தால், படங்களையும் ஆவணங்களையும் மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு, விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நல்லது. பிரதி எடுத்த பென்டிரைவையும் ஸ்கேன் செய்யுங்கள்.

ஓர் எச்சரிக்கை. "உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரையில் வந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் எண் இருக்காது. அழைத்தால், கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலியைப் போடச் சொல்வார்கள். அதன் வழியே கணக்கைக் காலி செய்வார்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.