24,000 ரூபாய் கேமிங் பிசி உண்மையில எவ்வளவு ஆச்சு? ஒரு நோட்டுக் கணக்கு



பாலக்கோட்டுல இருக்கிற என் சித்தி பையன் ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை பார்க்கிறான். கம்பெனி பஸ்ல தினமும் போய் வர்றான். 2021-ல வேலைக்குச் சேர்ந்தப்போ கைக்கு வந்த சம்பளம் 17,500. அதுல அவன் வாங்கின முதல் பெரிய பொருள் ஒரு கேமிங் பிசி.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ ஒரு நோட்டைக் கொண்டு வந்து நீட்டினான். அந்த பிசிக்கு இதுவரைக்கும் செலவு பண்ணின ஒவ்வொரு ரூபாயும் தேதி போட்டு எழுதியிருக்கான். (ஆடிட்டர் அண்ணன் இருக்கிற குடும்பம்ல!) "அண்ணா, அடுத்து 60,000-க்கு ஒரு புது செட் பார்த்திருக்கேன். நோ காஸ்ட் இஎம்ஐ-ல எடுக்கலாமா? இந்தக் கணக்கைப் பார்த்துட்டு சொல்லுங்க"ன்னான்.

பொங்கல் விடுமுறையிலயும் ஆடிட்டா என்று நினைச்சாலும் உட்கார்ந்து பார்த்தேன். உங்கள்ல பலருக்கும் இது உதவும்னு தோணினதால, அவனைக் கேட்டுட்டு இங்கே எழுதுறேன்.

"ஐ5 பிசி" என்ற வார்த்தை

2021 ஜூன் மாசம். அப்போ கிராபிக்ஸ் கார்டு விலை எப்படி இருந்துச்சுன்னு கேம் ஆடுறவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பக்கம் லாக்டவுன், சிப் தட்டுப்பாடு. இன்னொரு பக்கம் கிரிப்டோ மைனிங்குக்காக கார்டுகளை மொத்தமா அள்ளினாங்க. சாதாரண ஜிடிஎக்ஸ் 1650 கூட அறிமுக விலையைவிட ரொம்ப மேல போயிடுச்சு. அந்த நேரத்துல "ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம், 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கேமிங் பிசி 24,000"னு ஒரு கடையில சொன்னா யாருக்குத்தான் ஆசை வராது?

உள்ளே இருந்தது ஐ5-3470. அது 2012-ல வந்த மூணாவது தலைமுறை பிராசஸர். கார்டு ஜிடி 730, அது 2014. கடைக்காரர் பொய் சொல்லலை, அது ஐ5-தான். எந்த ஐ5-ன்னு இவன் கேட்கலை, அவரும் சொல்லலை. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் "போட்ட பணம் டபுள் ஆகும்"னு சொல்லிட்டு எத்தனை வருஷத்துலன்னு சொல்லாம விடுவாரே, அதே கதை.

பில்? "பில்லு போட்டா 18 பர்சென்ட் சேரும் தம்பி, வேணாம். ஒரு வருஷம் வாரண்டி என் பொறுப்பு." இவனும் சரின்னுட்டான்.

அஞ்சாவது மாசம் எஸ்எம்பிஎஸ் வெடிச்சுது. போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. கடைக்குத் தூக்கிட்டுப் போனா, "உங்க வீட்டு வோல்டேஜ் பிராப்ளம்"னு ஒரே வார்த்தை. கையில பேப்பர் எதுவும் இல்லை, என்ன பேச முடியும்? எஸ்எம்பிஎஸ் 1,100, பழைய போர்டு 3,200, ஆக 4,300.

மைனிங் கார்டு

2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் தன் முறையையே மாத்திக்கிச்சு. அதுக்கப்புறம் கிராபிக்ஸ் கார்டு வச்சு எத்தீரியம் மைனிங் பண்ண முடியாது. ராத்திரி பகலா ஓடிக்கிட்டு இருந்த கார்டுகள் எல்லாம் உலகம் முழுக்க செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டுக்கு வந்துச்சு. அதுல ஒண்ணு, ஒரு ஆர்எக்ஸ் 580, நவம்பர்ல 7,500 ரூபாய்க்கு பாலக்கோட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கார்டு 185 வாட் வரைக்கும் இழுக்கும். அந்த 1,100 ரூபாய் எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்காது. அதனால ஒரு நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ், 4,200.

கார்டு எட்டு மாசம் ஓடுச்சு. அப்புறம் ஸ்கிரீன்ல கோடு கோடா வந்து நின்னுபோச்சு. வித்தவர் போனை எடுக்கலை. எடுத்திருந்தாலும் தனி ஆள்கிட்ட வாங்கின பொருளுக்கு நுகர்வோர் சட்டம் துணைக்கு வராது. அது கடை, நிறுவனம்னு வியாபாரம் பண்றவங்ககிட்ட வாங்கினாத்தான்.

மிச்சம் சில்லறை. ரெண்டு வருஷத்துல மூணு ஹெட்செட் (3,600), கலர் கலரா எரியுற கீபோர்டு, மவுஸ் (1,700). ஹெட்செட்ல ஒவ்வொரு தடவையும் ஒயர்தான் போயிருக்கு.

இப்போ கூட்டுங்க. 24,000 + 4,300 + 7,500 + 4,200 + 5,300 = 45,300. கடைசியா பழைய செட்டை 6,000-க்கு வித்தான். 4,200 ரூபாய் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் எடுத்து வச்சுக்கிட்டான். அதையும் கழிச்சா நிகரச் செலவு 35,100. 2023 டிசம்பர் வரை 30 மாசம். மாசத்துக்கு 1,170 ரூபாய்.

நோட்டுல ஒண்ணு மட்டும் இடிச்சுது. நவம்பர் 2022-ல அவன் கையில மிச்சம் 2,500-தான், ஆனா கார்டு 7,500. "மீதி எங்கேருந்து வந்துச்சு?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. "அம்மாகிட்ட, சீட்டு எடுத்த பணத்துல 5,000 வாங்கினேன்"னான். செலவுப் பக்கம் எல்லாம் எழுதினவன், கடன் பக்கம் எழுதலை. ஆடிட்ல இது ரொம்ப சகஜம், கம்பெனிகள்லயும் பார்க்கிறேன்.

பில்லோட வாங்கின செட்

2024 ஜனவரியில கொஞ்சம் நிதானமா வாங்கியிருக்கான். ரைசன் 5 5600ஜி 11,800, போர்டு 7,200, 16 ஜிபி ரேம் 3,400, எஸ்எஸ்டி 3,000, கேபினட் 2,600. மொத்தம் 28,000, எல்லாத்துக்கும் ஜிஎஸ்டி பில். கிராபிக்ஸ் கார்டு வாங்கலை; அந்த பிராசஸருக்குள்ளேயே ஒரு சின்ன கிராபிக்ஸ் இருக்கு, வேலரண்ட், ஜிடிஏ 5 எல்லாம் செட்டிங்ஸைக் குறைச்சு ஆடலாம். ஒன்றரை வருஷம் அப்படியே ஓட்டிட்டு, போன வருஷம் ஒரு 1660 சூப்பர் 8,000-க்கு வாங்கினான். அதுவும் செகண்ட் ஹேண்ட்தான், ஆனா அசல் பில்லோட, ஏழு மாசம் வாரண்டி மிச்சம் இருக்கிறது.

28,000-ல வரி மட்டும் 4,271. "பில் இல்லாம வாங்கியிருந்தா இது மிச்சம் ஆகியிருக்கும்ல?"ன்னு கேட்பீங்க. போன நவம்பர்ல ஒரு ரேம் ஸ்டிக் போயிடுச்சு. அந்த நேரம் ரேம் விலை தெரியும்ல? ஏஐ டேட்டா சென்டர்களுக்கே சிப் எல்லாம் போகுது. டிசம்பர்ல மைக்ரான் நிறுவனம் தன்னோட குரூஷியல் பிராண்டை நுகர்வோர் சந்தையில இருந்தே எடுக்கிறதா அறிவிச்சுது. இவன் 3,400-க்கு வாங்கின செட் ரெண்டு மடங்குக்கு மேல போயிருந்துச்சு. பில் காப்பியோட கூரியர் அனுப்பினான், மாத்திக் கொடுத்துட்டாங்க. செலவு கூரியர் காசு மட்டும்.

பில்லோட இன்னொரு பலன். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுல வாங்கினாலும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினாலும், பிரச்சினைன்னா நீங்க குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்துலயே புகார் கொடுக்கலாம். 2019 சட்டம் அந்த உரிமையைக் கொடுக்குது. 5 லட்சம் வரைக்குமான பொருளுக்கு கட்டணமே இல்லை, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னாடி 1915-க்கு ஒரு போன் போட்டுப் பாருங்க, பல சமயம் அங்கேயே முடிஞ்சிடும்.

ஒரு எச்சரிக்கை. "ஃபிரெண்டு கம்பெனி ஜிஎஸ்டி நம்பர்ல பில் போட்டா 18% திரும்ப வாங்கிக்கலாம்"னு ஒரு ஐடியா சுத்துது. செய்யாதீங்க. சொந்த உபயோகத்துக்கு வாங்கின பொருளுக்கு இன்புட் கிரெடிட் எடுக்கக் கூடாது. நாளைக்கு நோட்டீஸ் வந்தா அந்த ஃபிரெண்டுக்கு வட்டி, அபராதம். உங்களுக்கும் நஷ்டம்தான்: பில் உங்க பேர்ல இல்லை, தொழிலுக்கு வாங்கினதா இருக்கு, நுகர்வோர்னு போய் நிக்க முடியாது. ஸ்ட்ரீமிங், எடிட்டிங்னு உண்மையிலேயே வருமானம் வருதுன்னா அது வேற விஷயம். முறையா கணக்கு வச்சு தொழில் வருமானமா காட்டினா கம்ப்யூட்டருக்கு வருஷம் 40% தேய்மானம் கிடைக்கும். அதுக்கும் உங்க பேர்ல பில் வேணும்.

சரி, ரெண்டாவது செட்டோட கணக்கு. 28,000 + 8,000 + பழைய எஸ்எம்பிஎஸ் 4,200 = 40,200. இப்போ இருக்கிற ரேம் விலையில, பில்லோட வித்தா 22,000 வரும்னு வச்சுக்குவோம். 24 மாசத்துக்கு 18,200, அதாவது மாசம் சுமார் 760. முதல் செட்டைவிட நல்ல செட், மாசச் செலவு மூணுல ஒரு பங்கு குறைவு.

கரண்ட் பில்லையும் நோட்டுல சேர்க்கச் சொன்னேன். 250 வாட், தினம் நாலு மணி நேரம்னா ஒரு நாளைக்கு ஒரு யூனிட், ரெண்டு மாசத்துக்கு 60. நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டினா, 101-200 யூனிட்டுக்கான மலிவு விலையும் போயிடும். 470-ல நிக்கிற வீடு 530 ஆனா பில் எகிறும். எர்த் சரியா இருக்கான்னும் எலக்ட்ரீஷியனை வச்சுப் பார்த்துடுங்க.

அந்த 60,000

9 மாசம், மாசம் 6,667. "வட்டியே இல்லைண்ணா!" வட்டி இருக்கு. கடை அதைத் தள்ளுபடியா கழிச்சுக் காட்டுது, அவ்வளவுதான். பேங்க் வட்டி 15%னு எடுத்தா, பேங்க் தர்ற கடன் சுமார் 56,415, வட்டி 3,585. இந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி, 645 ரூபாய், நம்ம தலையில. பிராசஸிங் ஃபீஸ் 199-ன்னா ஜிஎஸ்டியோட 235. ஆக 880 ரூபாய் கூட. மொத்தப் பணம் கட்டினா கிடைக்கிற கார்டு தள்ளுபடியும் பல சமயம் போயிடும். இது பெரிய தொகை இல்லை, ஒத்துக்கிறேன். ஆனா ஒரு மாசம் தவணை தவறி கிரெடிட் கார்டு வட்டிக்குள்ள போனா மாசம் 3.5%, வருஷத்துக்கு 42%.

அவனுக்கு இப்போ சம்பளம் 28,000. வீட்டுக்கு 12,000 கொடுக்கிறான், அவசர நிதின்னு கையில இருக்கிறது 15,000. ரேம் விலை உச்சத்துல இருக்கிற நேரத்துல, ஓடிக்கிட்டு இருக்கிற செட்டை மாத்த 6,667 தவணை. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். "யோசிக்கிறேண்ணா"ன்னான்.

போன வாரம் வாட்ஸ்அப்ல நோட்டோட ஒரு பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். மேல "கடன்"னு புதுசா ஒரு தலைப்பு. கீழ ஒரே வரி: அம்மா, 5,000. பக்கத்துல பிப்ரவரி தேதி போட்டு டிக் அடிச்சிருந்தான். இஎம்ஐ பத்தி ஒண்ணும் எழுதலை.

இந்த நோ காஸ்ட் இஎம்ஐ கணக்கைப் போட்டுப் பார்க்கிற எக்ஸெல் ஷீட் வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. உங்க பேங்க் வட்டியை மாத்திப் போட்டுக்கோங்க.