முதலிடம் என்பது ஒரு வாரக் கணக்கு

ஹெவ்லொக் டவுனில் வளர்ந்து இப்போது நாற்பதைத் தொடுகிறவர்கள் இருவர் சேர்ந்திருக்கும்போது, 2000களின் ஆங்கிலப் பாட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். பிளேன்டீ ஆறுமுன்பே வாக்குவாதம் தொடங்கிவிடும். "அது நம்பர் வன் வந்த பாட்டடா" என்பார் ஒருவர். "வந்திருந்தா ஏன் இப்ப ஒருத்தரும் கேக்கிறேல்லை?" என்பார் மற்றவர். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அது எப்படி என்று ஆறுதலாகப் பார்ப்போம்.

முதலிடம் என்றவுடன், அதிகம் பேர் விரும்பிய பாட்டு என்றே நாம் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். குழப்பம் தொடங்குவது இங்கேதான். ஒரு நாட்டில், ஒரே ஒரு வாரத்தில், கணக்கெடுக்கப்பட்ட கடைகளில் எது அதிகம் விற்றது என்பதைத்தான் அன்றைய பட்டியல் சொன்னது. உங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் வருகிற வேகம் ஒன்று, தொட்டியில் சேர்ந்து நிற்கிற அளவு வேறொன்று. பட்டியல்காரர் பார்த்தது குழாயை மட்டும்.

பிரித்தானியாவில் அந்த வேகத்தைக் கூட்டுவதற்கென்றே ஒரு முறை இருந்தது. புதுப்பாட்டைச் சில வாரங்கள் முன்பே வானொலிக்குக் கொடுத்துவிடுவார்கள். பாட்டு நாள் முழுக்க ஒலிக்கும், கடையில் கிடைக்காது. ஆசை முற்றிய நேரத்தில், ஒரு திங்கட்கிழமை, சீடி கடைக்கு வரும். முதல் வாரம் விலையும் குறைவு. காத்திருந்த இரசிகர்கள் எல்லோரும் அந்த ஒரே வாரத்தில் வாங்கிவிடுவார்கள். பாட்டு நேரே முதலிடத்தில் ஏறும், அடுத்த வாரம் இறங்கிவிடும். 2000ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 40க்கும் மேற்பட்ட பாட்டுகள் முதலிடம் பிடித்தது இப்படித்தான். நம் நினைவில் அவற்றில் பாதிகூட நிற்காததில் வியப்பில்லை.

எண்களை அருகில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2002இல் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் வென்ற வில் யங் முதலிடத்துக்கு வந்தபோது, முதல் வாரத்தில் அவருடைய சீடி 11 இலட்சம் விற்றது. 2004 ஒக்டோபரில் எரிக் பிரிட்ஸின் 'கால் ஆன் மீ' ஒரு வாரம் அதே முதலிடத்தில் இருப்பதற்கு 23,500 சொச்சம் பிரதிகளே போதுமாக இருந்தன. இணையத்தில் இலவசமாகப் பாட்டு இறக்குகிற பழக்கம் வந்து, சீடி வாங்குவோர் குறைந்துபோன காலம் அது. பட்டியலில் இரண்டுக்கும் நேரே '1' என்றுதான் இருக்கும். அதே 2004இல் தி கில்லர்ஸ் குழுவின் 'மிஸ்டர் பிரைட்சைட்' பத்தாம் இடத்தோடு நின்றுவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு பிரித்தானியாவின் முதல் நூறு பாட்டுகளுக்குள் அது இருந்த வாரங்களைக் கூட்டினால் 400ஐத் தாண்டும். தொட்டி நிரம்பிய கதை இது.

அமெரிக்காவில் கணக்கு வேறு. அங்கே பில்போர்ட் ஹொட் 100 பட்டியல் அப்போது விற்பனையோடு வானொலியில் ஒலிபரப்பாகும் அளவையும் சேர்த்துக் கூட்டியது. ஒரு பாட்டுக்காக முழு அல்பத்தையும் வாங்கட்டும் என்று, கம்பனிகள் பல பாட்டுகளைத் தனிச் சீடியாக விற்பதையே நிறுத்தியிருந்தன. முன்பு அப்படிப்பட்ட பாட்டுக்குப் பட்டியலில் இடமே இல்லை. 1998 டிசம்பரில் விதி மாறியது. 2000 ஜூனில் ஆலியாவின் 'ட்ரை அகேன்' வானொலி ஒலிபரப்பை மட்டும் கொண்டே முதலிடத்துக்கு வந்த முதல் பாட்டானது. வானொலி நிலையங்கள் ஒரு பாட்டை எளிதில் கைவிடுவதில்லை. அதனால் அங்கே முதலிடம் அசைய நாளெடுத்தது. 2002இல் அஷாந்தியின் 'ஃபூலிஷ்' பத்து வாரம் அங்கேயே இருந்தது. அந்த ஆண்டு முழுவதும் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்த பாட்டுகள் பத்துக்கும் குறைவு.

அந்த மெதுவான பட்டியலிலும் கடைக்கு வந்த ஒரு சீடி என்ன செய்யும் என்பதற்கு 2002 ஒக்டோபர் சான்று. கெல்லி கிளார்க்சனின் 'எ மொமென்ட் லைக் திஸ்' சீடி விற்பனைக்கு வந்த வாரத்தில், பாட்டு 52ஆம் இடத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் முதலிடத்துக்குப் போனது. ஒரு வாரத்துக்குள் இரசிகர் தொகை அப்படிப் பெருகவில்லை. விருப்பம் முன்பே இருந்தது, எண்ணுவதற்குச் சீடி அப்போதுதான் வந்தது.

அடுத்தது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற கேள்வி: யாரை எண்ணினார்கள்? பிரித்தானியாவின் ஆசியக் கடைகளில் பங்க்ரா கசெட்டுகள் விற்றுத் தீர்ந்த காலத்தில், அந்தக் கடைகள் பெரும்பாலும் பட்டியல் கணக்குக்குள் வரவில்லை. பஞ்சாபி எம்சியின் 'முண்டியான் து பச் கே' 1998இல் வந்த பாட்டு. பிரித்தானியப் பட்டியலில் ஐந்தாம் இடத்துக்கு அது வந்தது 2003 ஜனவரியில்தான். நம் பாடகி மாயா அருள்பிரகாசத்தின் 'காலாங்' 2003இல் முதலில் 500 இசைத்தட்டுகளாகத்தான் அச்சானது. இணையத்தில் கைமாறிக் கைமாறித்தான் அது பரவியது. 500 இசைத்தட்டை வைத்து எந்தப் பட்டியல் அவரைக் கண்டுகொண்டிருக்கும்? 2005இல் இரு நாடுகளும் காசு கொடுத்து இறக்கும் பாட்டுகளையும் எண்ணத் தொடங்கின. 2008இல் அவருடைய 'பேப்பர் பிளேன்ஸ்' ஹொட் 100இல் நான்காம் இடத்துக்கு வந்தது.

யாரை எண்ணுவது என்ற இந்தக் கேள்வியை நம் ஊர் முன்பே கேட்டிருக்கிறது. ஹெவ்லொக் வீதியில் தும்முல்லைச் சந்தி வரை போய், அப்படியே சுதந்திர சதுக்கப் பக்கம் திரும்பினால் வானொலி நிலையம். 1952 நவம்பரில் பிரித்தானியாவின் முதல் விற்பனைப் பட்டியல் வெளியானது. அடுத்த மாதமே இலங்கை வானொலியில் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' தொடங்கியது. அந்த ஆண்டு அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுகளை ஒதுக்கிவைத்திருந்ததால், இந்தியாவே கொழும்புக்குக் காதுகொடுத்தது. இந்திப் பாட்டுகளை வரிசைப்படுத்த அவர்கள் கடை விற்பனையை மட்டும் நம்பியிருக்கவில்லை, நேயர் மன்றங்கள் அனுப்பும் தெரிவுகளையும் சேர்த்தார்கள். இசைத்தட்டு வாங்கக் காசில்லாதவருக்கும் ஒரு பாட்டுப் பிடிக்கும் அல்லவா? இவ்வளவு நியாயமான முறையைப் பிறகு வந்த பெரிய பட்டியல்கள் பலவற்றில் நான் காணவில்லை.

2000களின் தொடக்கத்தில் வெள்ளவத்தை காலி வீதிக் கடைகளில் நாம் வாங்கிய கசெட்டும் சீடியும் இலண்டன் கணக்கிலும் இல்லை, நியூயோர்க் கணக்கிலும் இல்லை. ஒரு தாளில் பாட்டுகளின் பெயரை எழுதி, வெற்றுக் கசெட்டோடு ரெக்கோர்டிங் பாரில் கொடுப்போம். ஷக்தி, சூரியன் வானொலிகளில் கேட்ட தமிழ்ப் பாட்டுக்குக் கீழே எமினெமின் பெயர் இருக்கும், அதற்குக் கீழே ஒரு சிங்களப் பாட்டு. பக்கத்துக்கு முப்பது நிமிடம்தான் என்பதால் கடைசிப் பாட்டு பாதியில் நிற்கும். இந்த ஊரில் என்ன கேட்டார்கள் என்பதற்கு மிஞ்சியிருக்கிற பட்டியல் அந்தக் கசெட் உறைகளில்தான் இருக்கிறது. வீட்டு அலுமாரியில் அப்படி ஏதும் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். நினைவிருக்கும்போதே ஆண்டையும் கடை இருந்த இடத்தையும் உறையின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.