இரண்டு முள் சொல்லும் ரகசியம்! - மோட்டார் கருகாமல் காப்பது எப்படி?

பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ளது குரும்பலூர். சின்ன வெங்காயத்துக்குப் பேர் போன மாவட்டம் இது. இங்கே கிணற்றை நம்பியே பல வயல்கள் இருக்கின்றன.

மோட்டார் ஓடினால் பயிருக்குத் தண்ணீர். மோட்டார் கருகினால்? மறுபடியும் காயில் கட்டி வரும் வரை பயிர் வாடும். கைக்காசும் கரையும்!

கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மீட்டர்கள் இருக்கும். ஒரு முள் வோல்ட்டைக் காட்டும். இன்னொரு முள் ஆம்பியரைக் காட்டும். மோட்டாரின் நாடித் துடிப்பே இதுதான்!

வோல்ட் என்றால் என்ன?

மேல்நிலைத் தொட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். தொட்டி உயரமாக இருந்தால் தண்ணீர் வேகமாகத் தள்ளப்படும். மின்சாரத்தைத் தள்ளும் அந்த அழுத்தம்தான் வோல்ட். ஓடுகிற மின்சாரத்தின் அளவு ஆம்பியர். குறுகலான குழாய் தண்ணீரைத் தடுப்பது போல, கம்பி மின்சாரத்தைத் தடுக்கிறது. அந்தத் தடையின் அளவு ஓம்.

ஜெர்மனியில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன் ஜியார்ஜ் ஓம். பள்ளிக்கூட ஆசிரியர். இந்தக் கணக்கை 1827-ல் புத்தகமாக வெளியிட்டார். அவர் நாட்டில் பலர் அதை மதிக்கவில்லை. ஆனால் 1841-ல் லண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் அளித்து அவரைக் கவுரவித்தது!

வகுத்தால் தடை, பெருக்கினால் சக்தி

வீட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துக் கொள்வோம். 230 வோல்ட்டில் அது 5 ஆம்பியர் இழுக்கிறது.

230-ஐ 5-ஆல் வகுத்தால் 46. தடை 46 ஓம்.

230-ஐ 5-ஆல் பெருக்கினால் 1,150. சக்தி 1,150 வாட்.

ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆகவே இந்தப் பெட்டி இடைவிடாமல் ஒரு மணி நேரம் இழுத்தால் 1.15 யூனிட் செலவு!

மாலையில் வோல்ட் 184 ஆகக் குறைகிறது. தடை ஏறக்குறைய மாறாது. 184-ஐ 46-ஆல் வகுத்தால் 4 ஆம்பியர். சக்தி 736 வாட்தான். அதனால்தான் பெட்டி சூடேறத் தாமதம் ஆகிறது.

மோட்டாரில் நடப்பது வேறு

இஸ்திரிப் பெட்டி கொடுத்ததை வாங்கிக் கொள்ளும். மோட்டார் அப்படி அல்ல. வோல்ட் குறைந்தாலும் அது தண்ணீரைத் தூக்கியாக வேண்டும். ஆகவே ஆம்பியரை அதிகமாக இழுக்கும்! (மோட்டாரின் சக்தியை அறிய வெறும் பெருக்கல் போதாது. அதற்கு வேறு கணக்கும் சேரும்.)

ஆபத்து இங்கேதான். காயிலில் உண்டாகும் சூடு, ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கிய அளவில் ஏறும். 10 ஆம்பியர் 12 ஆனால் சூடு 100-ல் இருந்து 144 ஆகும். இரண்டு மடங்கு ஆம்பியர் என்றால் நான்கு மடங்கு சூடு! காயில் கருகாமல் என்ன செய்யும்?

என்ன செய்ய வேண்டும்?

எத்தனை ஆம்பியர் வரை இழுக்கலாம் என்பது மோட்டாரின் தகட்டில் பொறிக்கப்பட்டு இருக்கும். முள் அதைத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள்.

அளவு மீறினால் மோட்டாரை நிறுத்துவதற்கு ஸ்டார்ட்டரில் ரிலே இருக்கிறது. "அடிக்கடி நின்று போகிறதே!" என்று சிலர் அதைக் கூட்டி வைக்கிறார்கள். அது மோட்டாருக்கு எமன்!

கணக்கைக் காகிதத்தில் போடுங்கள். கம்பியில் கை வைக்கும் வேலையை மின் பணியாளரிடம் விட்டு விடுங்கள்.

ஸ்விட்சைப் போட்டதும் வாய்க்காலைப் பார்க்க ஓடாதீர்கள். ஒரு நிமிடம் நின்று முள்ளைப் பாருங்கள். அந்த ஒரு நிமிடம் ஒரு போகத்தையே காப்பாற்றும்!