ஐகான்களைக் காணோம்! பைல்கள் எங்கே?

அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி ஓர் அக்கா இருக்கிறார். அம்பத்தூர் எஸ்டேட், அத்திப்பட்டு பக்கம் உள்ள சிறு கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்புகிறார். எந்தக் கம்பெனிக்கு எத்தனை சாப்பாடு, யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் முன்பு நீள நோட்டில் இருந்தது. சென்ற ஆண்டு புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும், விடுமுறைக்கு வந்த மகன் மூன்று வருடக் கணக்கையும் எக்செல்லில் ஏற்றிக் கொடுத்துவிட்டு திருச்சிக்கு, காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். நோட்டுகள் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன.

நவம்பர் மாதக் கடைசி நாள் மாலை, நல்ல மழையில் அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இல்ல. எல்லாம் அழிஞ்சு போச்சு. நாளைக்கு ஒண்ணாம் தேதி, பில்லு போகணும். கடைக்காரருக்கு போன் பண்ணேன். பார்மட் பண்ணணும், எண்ணூறு ரூபா ஆகும்னு சொல்றாரு. காலையில ஆள் வராங்களாம்."

"அக்கா, யாரையும் கை வைக்க விடாதீங்க. நான் வரேன்" என்று சொல்லிக் குடையுடன் ஓடினேன்.

திரையில் திருவேற்காடு கருமாரியம்மன் படம் மட்டும் இருந்தது. ஒரு ஐகான் இல்லை. டாஸ்க் பார் இல்லை. பார்த்தால் யாருக்குமே வயிற்றைக் கலக்கும். கீபோர்டில் விண்டோஸ் படம் போட்ட கீயை ஒரு முறை அழுத்தினேன். ஸ்டார்ட் மெனு எழுந்து வந்தது. விண்டோஸ் நன்றாகவே இருந்தது. அதே கீயுடன் 'இ' எழுத்துக்கான கீயைச் சேர்த்து அழுத்தினால் பைல் எக்ஸ்புளோரர் திறக்கும். அதில் டாக்குமெண்ட்ஸ் போல்டருக்குள் சென்றால் மூன்று வருடக் கணக்கும் அப்படியே இருக்கிறது.

பிறகு என்னதான் காணாமல் போனது? மகன் அழகுக்காக ஒரு டாக் புரோகிராம் போட்டிருந்தான். திரையின் கீழே ஐகான்களை வரிசையாக நிறுத்தி, மவுஸ் பக்கத்தில் வந்தால் அவற்றைப் பெரிதாக்கிக் காட்டுவதுதான் இதன் வேலை. நெக்ஸ்ட் கம்ப்யூட்டர்களில் 1989லேயே டாக் இருந்தது. 2001ல் ஆப்பிளின் மேக் ஓ.எஸ். எக்ஸ் அதைத் திரையின் கீழே கொண்டு வந்து பிரபலமாக்கியது. விண்டோஸ்காரர்களுக்கு ஆசை வராமல் இருக்குமா? ஆப்ஜெக்ட்டாக், ராக்கெட்டாக் என்று இலவசமாக இறக்கிக்கொள்ளும் புரோகிராம்கள் வந்தன. அந்தக் காலத்து டாக் புரோகிராம்கள் சிலவற்றுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் புதிய பதிப்பே இல்லை. ஆனாலும் இன்றும் விண்டோஸ் 11ல் போட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

டாக் தனியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மகன் இன்னும் இரண்டு வேலை செய்திருந்தான். டாஸ்க் பாரைத் தானாக மறையும்படி வைத்தான். டெஸ்க்டாப் ஐகான்களையும் மறைத்துவிட்டான். டாக் கிராஷ் ஆனதும் திரையில் மிச்சம் அம்மன் படம் மட்டும்தான்.

இங்கே புதியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்கில் நீங்கள் பார்க்கும் ஐகான் உங்கள் பைல் அல்ல. அந்த பைல் எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டுமே. டெஸ்க்டாப்பில் மூலையில் சிறிய அம்புக்குறியுடன் இருக்கும் ஷார்ட்கட் ஐகான்களும் அப்படித்தான். ஒன்றை ரைட் கிளிக் செய்து, புராப்பர்டீஸ் தேர்ந்தெடுத்து, டார்கெட் என்ற இடத்தைப் பாருங்கள். அசல் இருக்கும் இடம் அங்கே எழுதியிருக்கும். முகவரிச் சீட்டு கிழிந்தால் வீடு இடிந்துவிடாது.

ஆனால் பார்மட் செய்தால் வீடு நிச்சயம் இடியும். "சி டிரைவை மட்டும்தான் பார்மட் பண்ணுவோம்" என்று சொல்வார்கள். டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், பிக்சர்ஸ் ஆகிய போல்டர்கள் வழக்கமாக அந்த சி டிரைவில்தான் இருக்கின்றன!

முதல் வேலையாக டாக்குமெண்ட்ஸ் போல்டரை ஒரு பென் டிரைவில் காப்பி செய்தேன். அடுத்து, டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து, வியூ சென்று, ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ் என்பதை டிக் செய்தேன். டாஸ்க் பாருக்கு செட்டிங்ஸ், பர்சனலைசேஷன், டாஸ்க்பார், டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் என்று சென்று, தானாக மறையும் ஆப்ஷனில் இருந்த டிக்கை எடுத்தேன். அக்கா உட்கார்ந்து பில்களை எல்லாம் பிரிண்ட் எடுத்து முடிக்க எட்டரை மணி ஆகிவிட்டது. அதன் பிறகுதான் டாக்கைத் தொட்டேன். அலங்காரம் காத்திருக்கலாம், பில் காத்திருக்காது.

அக்கா சொன்ன கதை இது. ஒரு வாரமாகவே டாக் வருவதும் போவதுமாக இருந்திருக்கிறது. மழையும் கரண்ட் கட்டும் அதே வாரம்தான் ஆரம்பம். "கரண்ட் போய்ப் போய் வந்துதான் கெட்டுப் போச்சு" என்பது அக்காவின் தீர்ப்பு. நானும் அதை நம்பினேன். செட்டிங்ஸ் பைல் கெட்டிருக்கும் என்று நினைத்து, டாக்கை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி இன்ஸ்டால் செய்தேன். இரண்டு நிமிடத்தில் மீண்டும் மாயம். ஒரு மணி நேரம் வீண். ஒரு புரோகிராமை அன்இன்ஸ்டால் செய்தாலும், அதன் செட்டிங்ஸும் நாம் தனியாகச் சேர்த்த பைல்களும் பல நேரங்களில் அப்படியே தங்கிவிடும். மறுபடி இன்ஸ்டால் செய்யும்போது பழைய நோயும் திரும்ப வரும்.

அப்போது கரண்ட் போனது. கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் ஓடியது. டாக்கைத் திறந்தேன். இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஆகியும் அசையவில்லை! கரண்ட் வந்தது. மோடத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கடைசி விளக்கு எரிந்த சற்று நேரத்தில் டாக் காணோம்.

மோடம் யு.பி.எஸ்.ஸில் இல்லை. அதாவது, இன்டர்நெட் இல்லாதபோது டாக் நன்றாக இருந்தது, இன்டர்நெட் வந்ததும் விழுந்தது. "அக்கா, பைபர் கனெக்ஷன் எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன். "போன வாரம்தான் தம்பி" என்றார்.

இனி ஆதாரம் வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிடி என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் வியூ ரிலையபிலிடி ஹிஸ்டரி என்று வரும். அதைத் திறந்தால் நாள்வாரியாக ஒரு படம் கிடைக்கும். புரோகிராம் நின்றுபோன நாளில் சிவப்பு வட்டத்தில் பெருக்கல் குறி இருக்கும். அந்த நாளைக் கிளிக் செய்து, கீழே புரோகிராமின் பெயரில் டபுள் கிளிக் செய்யுங்கள். பயமுறுத்தும் எண்களை விட்டுவிடுங்கள். பால்ட் மாட்யூல் நேம் என்ற வரியை மட்டும் பாருங்கள். நிற்கக் காரணமான பைலின் பெயர் பெரும்பாலும் அங்கே இருக்கும். எப்போதும் அசல் குற்றவாளியாக இருக்காது. விண்டோஸின் சொந்த பைல் பெயரும் வரலாம். இங்கே ஒரே பெயர் எல்லா நாளும் வந்திருந்தது. அது டாக்கின் பைல் அல்ல, அதனுடன் ஒட்டிக்கொள்ளும் ஒரு வானிலை ஆட்-ஆன்.

மகனுக்கு போன் போட்டேன். நண்பனிடமிருந்து பென் டிரைவில் வாங்கி, ஊருக்குக் கிளம்பும் நாளில் போட்டானாம். அப்போது வீட்டில் நெட் கிடையாது, அதனால் அவன் கண்ணில் எதுவும் படவில்லை. இப்படிப்பட்ட ஆட்-ஆன்கள் தனி புரோகிராம்களாக ஓடுவதில்லை. டாக்கின் நினைவகப் பகுதிக்குள்ளேயே நுழைந்து ஓடுகின்றன. ஒன்று தவறினால் மொத்த டாக்கும் சேர்ந்து விழும். பழைய ஆட்-ஆன், தகவல் கேட்கப் போகும் இடம் மாறியிருக்கலாம், மூடியும் இருக்கலாம். எதிர்பாராத பதில் வந்தால் சமாளிக்கத் தெரியாமல் விழுகிறது.

சரிசெய்தது எளிது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டாக்கின் பெயரைத் தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க் கொடுத்தேன். டாக் ஓடிக்கொண்டிருந்தால் விண்டோஸ் அதன் பைல்களை நகர்த்த விடாது. பின்னர் அந்த ஆட்-ஆன் போல்டரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு டாக்கைத் திறந்தேன். நெட் இருந்தும் நின்றது.

உங்கள் டாக்கில் பல ஆட்-ஆன்கள் இருந்து எதுவென்று தெரியாவிட்டால், பாதியை வெளியே எடுத்து வையுங்கள். டாக் நின்றால் கோளாறு வெளியே எடுத்த பாதியில், விழுந்தால் உள்ளே இருக்கும் பாதியில். எட்டு ஆட்-ஆன்கள் இருந்தாலும் மூன்றே முறையில் பிடித்துவிடலாம். ஆட்-ஆன்கள் எல்லாவற்றையும் எடுத்த பிறகும் விழுந்தால், செட்டிங்ஸ் பைலையும் கிராபிக்ஸ் டிரைவரையும் பாருங்கள். மாற்றிய செட்டிங்ஸ் நிற்கவே இல்லை என்றால் அது வேறு கதை. விண்டோஸ் விஸ்டா வெளியான 2007 முதல், புரோகிராம் பைல்ஸ் போல்டருக்குள் எழுதுவதற்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. பழைய டாக் புரோகிராம்களை வேறொரு போல்டரில் இன்ஸ்டால் செய்வது நல்லது.

காலையில் கடை ஆள் வந்தார். வேலையில்லை என்று அக்கா ஒரு சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பினார். பொங்கலுக்கு வந்த மகன் டெஸ்க்டாப் ஐகான்களை மறுபடி மறைக்கப் பார்த்தான். அக்கா மவுஸைப் பிடுங்கிக்கொண்டார்.