பொதுக் கருவிகளும் நம் நாட்டு நுண்செயலியும்

வீட்டுச் சுவரில் மாட்டியுள்ள மின்சார மீட்டர், கிணற்றடியில் பம்புசெட்டைத் தானே இயக்கி நிறுத்தும் பெட்டி, மழையளவை மணிக்கு மணி பதிந்து அனுப்பும் மழைமானி, பால் கூட்டுறவுச் சங்கத்தில் கொழுப்புச் சத்தை அளந்து காட்டும் சாதனம் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றுள் இன்று ஒரு சிறு கணிப்பொறி அடங்கியிருக்கிறது. நாம் மேசைமீது காணும் கணிப்பொறியைப் போன்று அதற்குப் பெரிய திரையோ எழுத்துப் பலகையோ கிடையாது. தான் அமர்ந்துள்ள சாதனத்திற்கு வேண்டிய குறிப்பிட்ட வேலையை மட்டும் அது இரவு பகலாகச் செய்து வருகிறது. இத்தகைய அமைப்பை உட்பொதி அமைப்பு என்று கூறுவர்.

இச்சாதனங்களோடு நாள்தோறும் பழகும் களப்பணியாளருக்கும், இவற்றைப் பற்றி மாணவருக்கு விளக்கும் ஆசிரியருக்கும் ஒரு கேள்வி எழுவது இயல்பு. சாதனத்தை விற்ற கம்பெனி தொழிலை மூடிவிட்டால், அதனுள் இருக்கும் நிரலைத் திருத்த வேறு எவராலேனும் இயலுமா? இதற்கான விடை, அந்நிரலை ஆக்கப் பயன்பட்ட கருவிகள் யார் வசம் உள்ளன என்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது. இத்துறையில் ஒன்றோடொன்று போட்டியிடும் தொழில் நிறுவனங்களே கூடிப் பொதுக் கருவிகளை வளர்த்து வந்துள்ளன. அதன் பயன் திருவனந்தபுரத்தில் எவ்வாறு கனிந்துள்ளது என்பதை இங்கு காண்போம்.

கருவிகள் எவை?

நிரல் எழுதுவோர் மனிதருக்குப் புரியும் ஒரு மொழியில் எழுதுகின்றனர். நுண்செயலியோ ஒன்று, சுழி என்னும் இரு குறிகளால் ஆன கட்டளைகளை மட்டுமே அறியும். முன்னதைப் பின்னதாக மாற்றித் தரும் நிரலுக்குக் கம்பைலர் என்று பெயர். உட்பொதி அமைப்பில் உள்ள சிறு கணிப்பொறிக்குத் தன் கம்பைலரைத் தானே இயக்கும் ஆற்றல் இராது. எனவே மேசைக் கணிப்பொறியில் நிரலை மாற்றி, ஒரு கம்பி வழியாகச் சில்லினுள் ஏற்றுகிறோம். ஏற்றிய நிரலைப் படிப்படியாக ஓட்டிப் பிழை காண்பதற்கு ஒரு கருவியும், அடிக்கடி தேவைப்படும் நிரல் துண்டுகளின் தொகுப்பும் வேண்டும். உழவனுக்கு ஏரும் மண்வெட்டியும் போன்று, இத்துறையினருக்கு இவை இன்றியமையாதன.

முற்காலத்தில் ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனிக் கம்பைலர் இருந்தது. சில்லு செய்யும் கம்பெனியோ, அதை அடுத்துள்ள வேறொரு கம்பெனியோ அதை விலைக்கு விற்கும். அதன் உள்ளமைப்பு மூடிய பெட்டகம் போன்றது. பிழை கண்டாலும் வாங்கியவர் திருத்த இயலாது. கம்பெனி அதைக் கைவிட்டால், அதை நம்பிச் செய்த சாதனங்களும் நாளடைவில் பயனற்றுப் போகும். விலை கொடுக்க வசதியில்லாத கல்லூரிகளும் சிறு தொழிற்சாலைகளும் வாயிலிலேயே நின்றுவிட்டன.

போட்டியாளர் கூடிய விதம்

1987ஆம் ஆண்டில் அமெரிக்க நிபுணர் ரிச்சர்டு ஸ்டால்மன், ஜி.சி.சி. என்னும் கம்பைலரை அதன் மூல நிரலோடு வெளியிட்டார். எவரும் அதைப் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம். ஆனால் திருத்திய கம்பைலரைப் பிறருக்கு வழங்குபவர், அதன் மூலத்தையும் சேர்த்துத் தரவேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனையாகும்.

1989ஆம் ஆண்டில் சிக்னஸ் என்னும் கம்பெனி தோன்றியது. புதிய சில்லு செய்யும் நிறுவனங்கள் அதற்குப் பணம் கொடுத்து, ஜி.சி.சி.யைத் தங்கள் சில்லுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டன. ஒருவர் பணம் கொடுத்துச் செய்வித்த சீர்திருத்தம் அனைவருக்கும் பயன்பட்டது. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளைக் கொண்டும் தொழில் நடத்தலாம் என்பதை இக்கம்பெனி மெய்ப்பித்துக் காட்டியது. 1999ஆம் ஆண்டில் ரெட் ஹாட் நிறுவனம் இதை வாங்கிக்கொண்டது.

2010ஆம் ஆண்டில் இக்கூட்டுறவு மேலும் விரிந்தது. ஏ.ஆர்.எம்., ஃப்ரீஸ்கேல், ஐ.பி.எம்., சாம்சங், எஸ்.டி.-எரிக்சன், டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் ஆகிய ஆறு நிறுவனங்கள் சேர்ந்து லினாரோ என்னும் அமைப்பை நிறுவின. சந்தையில் இவற்றுட் சில ஒன்றையொன்று முந்தத் துடிப்பவை. ஆயினும் லினக்ஸ் இயக்க முறைமையையும் கம்பைலரையும் தத்தம் சில்லுகளுக்கு ஏற்பத் தனித்தனியே பண்படுத்துவது வீண் செலவு என்பதை இவை உணர்ந்தன. அதே ஆண்டில் லினக்ஸ் அறக்கட்டளை, உட்பொதி சாதனங்களுக்கு வேண்டிய லினக்ஸைத் தொகுத்துக்கொள்ள உதவும் யோக்டோ திட்டத்தை அறிவித்தது. 2016ஆம் ஆண்டில் மிகச் சிறிய சில்லுகளுக்கான செஃபிர் என்னும் இயக்க முறைமையும் அதன் ஆதரவில் தொடங்கியது.

இதில் வியப்பில்லை. நம் ஊர்களில் ஏரிப் பாசனம் பெற்ற உழவர்கள் குடிமராமத்து முறையில் கூடி வாய்க்காலைத் தூர் வாரினர். விளைந்த நெல்லை அவரவர் தனித்தனியே விற்றுக்கொண்டனர். வாய்க்கால் பொது, வயல் தனி. கம்பைலரும் இயக்க முறைமையும் இத்துறையின் வாய்க்கால்கள் எனலாம்.

கட்டளைத் தொகுதியும் பொதுவாதல்

கருவிகள் பொதுவான பின்னரும் ஒரு தடை இருந்தது. நுண்செயலி அறியும் கட்டளைகளின் தொகுதி தனியார் உடைமையாகவே இருந்து வந்தது. அதற்கு ஏற்பச் சில்லு செய்ய விரும்புவோர் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 2010ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதியை வகுக்கத் தொடங்கினர். அதை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். 2015ஆம் ஆண்டில் பல நிறுவனங்கள் சேர்ந்து அதைப் பேண ஓர் அமைப்பை ஏற்படுத்தின. 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஜி.சி.சி. ஏழாம் பதிப்பு ரிஸ்க்-ஃபைவ் கட்டளைகளையும் ஆக்கித் தந்தது. 2018 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 4.15 பதிப்பிலும் அதற்கு இடம் கிடைத்தது.

திருவனந்தபுரத்து அனுபவம்

மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்திற்குத் திருவனந்தபுரத்தில் ஒரு மையம் உண்டு. முன்னர் எலெக்ட்ரானிக்ஸ் ஆராய்ச்சி அபிவிருத்தி மையம் என்று வழங்கிய நிறுவனமே இவ்வாறு சி-டாக்கோடு இணைந்தது. இங்குள்ள பொறியியலாளர்கள் ரிஸ்க்-ஃபைவ் தொகுதியைக் கொண்டு வேகா என்னும் பெயரில் ஐந்து நுண்செயலிகளை வடிவமைத்துள்ளனர். அவற்றுள் 32 பிட் அளவுள்ள நுண்செயலியைக் கொண்டு அமைந்த சில்லு தேஜஸ் 32 ஆகும். இதன் வேகம் 100 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 10 கோடி துடிப்புகள். உள்ளேயுள்ள நினைவகம் 256 கிலோபைட். கைபேசியோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. ஆயினும் மீட்டருக்கும் பம்புப் பெட்டிக்கும் இதுவே தாராளம். இச்சில்லைத் தாங்கிய ஏரீஸ் என்னும் பயிற்சிப் பலகைகளும் வெளிவந்துள்ளன.

இங்கு ஒரு செய்தியைக் கவனித்தல் வேண்டும். இம்மையம் கம்பைலரை முதலிலிருந்து எழுத நேர்ந்திருப்பின், சில்லுக்கு ஆன உழைப்பைப் போன்று மற்றொரு பெரும் உழைப்பு வேண்டியிருக்கும். உலகோர் கூடி வளர்த்த ஜி.சி.சி. ஆயத்தமாக இருந்தது. ஏரீஸ் பலகையின் உறுப்புகளை இயக்கும் நிரல் தொகுப்பு, சில்லினுள் நிரலை ஏற்றும் வழி முதலியவற்றை மட்டும் அமைத்துக்கொண்டால் போதுமானதாயிற்று. மேலும் 2005ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டில் மாணவருக்காகத் தோன்றிய ஆர்டுயினோ என்னும் எளிய நிரல் எழுதும் சாதனத்திலேயே ஏரீஸ் பலகையையும் இயக்க வகை செய்துள்ளனர். முன்பே ஆர்டுயினோ பழகிய ஆசிரியர் புதிதாக ஒன்றையும் கற்காமல் நம் நாட்டுச் சில்லுக்கு மாறலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி நுண்செயலியும் இதே பொதுக் கருவிகளின் துணையைப் பெற்றது. 2022 ஏப்ரலில் மத்திய அரசாங்கம் இவ்விரு முயற்சிகளையும் முன்னிறுத்தி, டிஜிட்டல் இந்தியா ரிஸ்க்-ஃபைவ் திட்டத்தை அறிவித்தது.

இந்நகருக்கு இத்துறையில் முன் பழக்கமும் உண்டு. 2001ஆம் ஆண்டில் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை இங்குதான் தொடங்கப்பெற்றது. கட்டற்ற மென்பொருளுக்கான கேரள அரசின் ஐ.சி.எஃப்.ஓ.எஸ்.எஸ். மையமும் இங்கு இயங்கி வருகிறது. கேரளப் பள்ளிகளில் ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகவே இத்தகைய மென்பொருளைக் கொண்டு பாடம் நடத்தி வருகின்றனர்.

பொதுச் சொத்தைப் பேணுதல்

பொதுவானது என்பதால் செலவில்லாதது என்று எண்ணுதல் தவறு. தூர் வாராத வாய்க்கால் மேடிட்டுப் போகும். 2014 ஏப்ரலில் ஓபன் எஸ்.எஸ்.எல். என்னும் பாதுகாப்பு நிரலில் ஹார்ட்பிளீட் எனப்பட்ட பெரும் பிழை வெளிப்பட்டது. எண்ணற்ற நிறுவனங்கள் நம்பியிருந்த அந்நிரலை மிகச் சிலரே, போதிய பொருளுதவியின்றிப் பேணி வந்தனர் என்பது அப்போதுதான் பலருக்கும் தெரியவந்தது. அதன் பின்னரே பெரிய கம்பெனிகள் கூடி இத்தகைய பணிகளுக்கு நிதி திரட்டின.

மற்றொரு குறையும் உண்டு. ஒரு நிறுவனம் பொது நிரலைப் பிரதி செய்து, தன் சில்லுக்கு ஏற்பத் திருத்தி, அத்திருத்தத்தைப் பொது மூலத்தில் சேர்ப்பிக்காமல் விட்டுவிடக்கூடும். பொது மூலம் ஆண்டுதோறும் வளர்ந்து செல்ல, அப்பிரதி பழமையடைகிறது. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் திருத்தத்தை மீண்டும் பொருத்த வேண்டும். பொருத்தியவர் வேலையை விட்டு நீங்கினால் சில்லும் ஆதரவற்றதாகிறது. திருத்தத்தைப் பொது மூலத்தில் சேர்ப்பதற்குப் பொறுமை வேண்டும். அயலார் ஆராய்ந்து குறை கூறுவர். அதற்கேற்ப மாற்றி எழுத நேரும். ஆயினும் அவ்வாறு சேர்ந்த நிரலைப் பின்னர்ப் பேணும் பொறுப்பில் பலரும் பங்கு கொள்கின்றனர். நம் நாட்டுச் சில்லுகள் நீண்ட காலம் நிலைபெறுவதற்கு இவ்வழக்கமே சிறந்த காப்பாகும்.

நாம் செய்யத் தக்கது

அலுவலகத்திற்குச் சாதனம் வாங்குகையில் விலையோடு வேறு சிலவற்றையும் கேட்டறிதல் நலம். உள்ளிருக்கும் சில்லு யாது? அதன் நிரல் எக்கம்பைலரால் ஆனது? விற்றவர் விலகினால் மூல நிரல் நமக்குக் கிடைக்குமா? இக்கேள்விகளை ஒப்பந்தம் எழுதுமுன் கேட்டால்தான் பயனுண்டு.

பள்ளியில் ஒரு பலகையும் ஒரு வெப்ப உணர்வியும் இருப்பின், வகுப்பறையின் வெப்பநிலையை மணிக்கொருமுறை பதியும் சாதனத்தை மாணவரே அமைக்கலாம். அப்போது பிழை நேர்ந்தால், இன்ன பலகை, இன்ன பதிப்பு, இன்னது செய்தபோது இவ்வாறு நேர்ந்தது என்று தெளிவாக எழுதிக் கருவியைப் பேணுவோருக்கு அனுப்புதல் வேண்டும். செய்முறையைத் தமிழில் எழுதிப் பிறருக்கு அளிப்பதும் இத்தகையதே. நிரல் எழுத அறியாதவரும் செய்யக்கூடிய தூர் வாரும் பணி இது. வாய்க்காலில் நீர் பெறுவோர் யாவரும் ஒரு கூடை மண்ணையாவது அள்ளுதல் முறையன்றோ?